செம்பருத்தி குடித்த கஷாயம்

பாட்டு எழுதுவதில் சிற்றம்பலத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சாப்பிடுவதிலும் தூங்குவதிலும்தான் மனிதர் ஒன்றுக்கும் உதவமாட்டார். மனச்சோர்வு வந்து பிடித்தது, விடவில்லை. வைத்தியர் வந்து பார்த்தார்.

"கஷாயம் தர்றேன். வேளை தவறாம குடிங்க. தெளிஞ்சிடும்" என்றார்.

தெளிஞ்சிடும் என்ற அந்த ஒரு சொல்லைச் சிற்றம்பலம் பிடித்துக்கொண்டார். இருட்டு போனால் பாட்டும் கூடவே போய்விடாதா? ஊரே அழுதுகொண்டு படித்ததெல்லாம் அந்த இருட்டு கொடுத்ததல்லவா? அன்றிலிருந்து காலைக் கஷாயம், அவர் தங்கிப் பாட்டுப் பயின்ற மடத்துச் செம்பருத்திக்குப் போயிற்று. செடி கொழுகொழுவென்று தழைத்தது. மனிதர் எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தார்.

அவருடைய குரு பெரியநாயகி. வயதில் அவரைவிடச் சின்னவர். அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாணவர் எழுத்தாணியால் ஓலையில் கீறிக் கொடுப்பதோடு சரி. பாட்டு பிடித்திருந்தால், எழுத்து துலங்குவதற்காக மை பூசுவது குருவின் வேலை. கதவைச் சாத்திக்கொண்டு பூசுவார். எப்படிப் பூசுகிறார் என்று ஒருவரும் பார்த்ததில்லை.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் சிற்றம்பலம் கேட்டேவிட்டார்.

"அம்மா, இந்த நோய் தீர்ந்துபோனா நான் எழுதுவேனா?"

பெரியநாயகி எழுந்தார். உள்ளே போய் ஓர் ஏட்டை எடுத்து வந்தார்.

"உங்க தங்கச்சிக்காக எழுதினது. பூச எனக்கே மனசு வராம வெச்சிருந்தேன். அவங்க இறந்துபோன அன்னிக்கா எழுதினீங்க?"

"அன்னிக்கா? என் பேரே எனக்கு ஞாபகமில்லம்மா. கோடையில கொஞ்சம் தலைதூக்கினேன், அப்ப எழுதினேன்."

"இந்த மழைக்காலம் முழுக்கப் படுத்தே கிடந்தீங்களே. என்ன எழுதினீங்க?"

சிற்றம்பலம் தலையைக் குனிந்துகொண்டார். "ஒண்ணுமில்ல."

விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்த கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார் குரு.

"இன்னைக்கு நீங்களே பூசுங்க."

சிற்றம்பலத்துக்குக் கை கூசியது. அந்தப் பாட்டுக்கு வேறு பிரதி கிடையாது. பயத்திலேயே அள்ளி அள்ளிப் பூசினார். ஓலை முழுக்கக் கன்னங்கரேலென்று ஆயிற்று.

"படிங்க."

"எங்க படிக்கிறது? ஐயோ, ஒரு எழுத்துகூடத் தெரியலையே! கெடுத்துட்டேனே, அம்மா!"

"துணி இருக்கு. துடைங்க."

"துடைச்சா எல்லாமே போயிடுமே!"

"துடைங்கன்னா துடைங்க."

ஓர் ஓரத்தைத் துடைத்தார். தங்கையின் பெயர் தெரிந்தது. இன்னும் துடைத்தார். பளிச்சென்று ஒவ்வொரு வரியாக வெளியே வந்தது. அப்பாடா! மனிதர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது.

ஆனாலும் பாட்டுக்காரர் அல்லவா, சும்மா விடுவாரா?

"கீறல்ல நிக்கிறது அந்தக் கரிதானே, அம்மா?"

"ஆமா. உள்ள போனது போனதுதான். அதை எந்தத் துணியாலயும் எடுக்க முடியாது." கரியாய்க் கிடந்த துணியைத் தூக்கிக் காட்டினார். "இதையும் திரும்ப அப்பணுமா?"

சிற்றம்பலம் வேகமாகத் தலையாட்டினார், வேண்டாம் என்று.

பெரியநாயகி எழுந்துபோய், மூடி வைத்திருந்த ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். ஆவி பறந்தது. கசப்பு மூக்கில் ஏறியது.

"குடிங்க. அந்தச் செம்பருத்திக்கு ஒரு நோயும் இல்ல."