முத்தரசியின் மழை நாள்

அநியாயம் நடந்தது ஒன்பது வயது முத்தரசிக்கு. அவளுடைய பிறந்தநாளை ஒரே வருஷத்தில் இரண்டு முறை மாற்றிவிட்டார்கள். மாற்றியவர்கள் பகையாளிகள் என்றால் திட்டித் தீர்த்துவிடலாம். இரண்டு பேருமே அவள் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். வழக்கு சிக்கலாவது அங்கேதான்.

தூத்துக்குடியில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு குழந்தைகள் இல்லம். இருபத்திரண்டு பிள்ளைகள். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகள் என்பதால் பள்ளிப் பதிவேட்டில் அத்தனை பேருக்கும் ஜூன் ஒன்று என்று எழுதியிருந்தது. இல்லத்துக்குத் துணி தைத்துக்கொடுக்கும் தையற்காரி ரெஜினாவுக்கு இது பொறுக்கவில்லை. "ரேஷன் கடை வரிசையா இது, எல்லாருக்கும் ஒரே நாள் போட?" என்று கேட்டாள். பிறகு ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, "ஒனக்கு எந்த நாள் வேணும்?" என்றாள்.

ஒருவன் தேரோடும் நாளைக் கேட்டான். ஒருத்தி முதல் பல் விழுந்த தேதியைக் கேட்டாள். முத்தரசி, "ஐப்பசியில முத மழை பெய்யுற அன்னைக்கு" என்றாள். அப்படியொரு மழையில்தான் அவளை இந்த இல்லத்துக்குக் கூட்டிவந்தார்கள். "அன்னைக்குத்தான் நான் நனையாமத் தூங்குனேன்."

அதன்பின் அந்தந்த நாளில் அந்தந்தப் பிள்ளைக்கு ஒரு புதுச் சட்டை. பிள்ளையை நிறுத்தி அளவெடுத்து, நிறம் கேட்டு, பையும் வைத்துத் தைப்பாள் ரெஜினா. நாளும் அளவும் அவளுடைய நோட்டில் இருக்கும். வருஷா வருஷம் பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவாள். மழைக்குத் தேதி கிடையாதே, அதனால் முத்தரசியின் சட்டை மட்டும் புரட்டாசியிலேயே தயாராகிக் காத்திருக்கும். ஒரு பிள்ளைகூடத் தன் நாளில் புதுச் சட்டை இல்லாமல் நின்றதில்லை.

போன தை மாதம் ரெஜினா இறந்துபோனாள். கடைசியாக வார்டன் சகாயமேரியிடம் சொன்னது இதுதான்: "என் வேலையை யாரு விடாமச் செய்யுதாகளோ, அவங்களுக்கு என் மெஷினைக் குடுங்க."

ரெஜினாவின் கணவர் ஞானராஜ் ஜூன் ஒன்றாம் தேதி வேன் நிறையச் சட்டைகளோடு வந்தார். இருபத்திரண்டும் கடையில் எடுத்தவை, ஒன்றும் குறையில்லை. பெரிய கேக், பலூன். பெண்சாதியின் படத்துக்கு மாலை போடும்போது குலுங்கிக் குலுங்கி அழுதார். கேக்கைத் தொடாமல் முத்தரசி அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவருடைய தங்கை பிலோமினா, ரெஜினாவோடு சேர்ந்து தைத்தவள், தையல் சுத்தம். மைனி ரெஜினாவின் நோட்டைப் பார்த்து, அதிலுள்ள நாளில், அதிலுள்ள அளவில், பையும் வைத்துத் தைத்தாள். முத்தரசியின் பக்கத்தில் 'மழை, அக்டோபர் 20' என்று இருந்தது. அது போன வருஷத்து மழை. பிலோமினா சட்டையோடு வந்த அக்டோபர் இருபதில் வெயில் மண்டையைப் பிளந்தது. சட்டையும் போன வருஷத்து அளவு. அத்தை மனசு நோகக் கூடாதென்று மூச்சை அடக்கிக்கொண்டு பித்தானைப் பூட்டினாள் முத்தரசி.

ரெஜினாவின் மகள் ஷெரின், பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிப்பவள். தையல் வராது. ஆனாலும் புரட்டாசியிலேயே வந்து இஞ்ச் டேப்பால் முத்தரசியை அளந்தாள். என்ன நிறம், எந்த நாள் என்று கேட்டாள். "மழை பெஞ்சா ஒரு போன் போடுங்க சிஸ்டர்" என்று வார்டனிடம் சொல்லிவைத்துவிட்டுப் போனாள்.

ஐப்பசி பத்தொன்பதில் மழை வந்தது. போன் வந்ததும் ஷெரின் வகுப்பிலிருந்து எழுந்து பஸ் பிடித்தாள். தொப்பலாக நனைந்து வந்தவள் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்த மஞ்சள் சட்டைக்கு இடது கை இல்லை. அந்தக் கையை இரண்டு முறை உள்புறம் வெளியே வர வைத்துத் தைத்து, இரண்டு முறையும் பிரித்திருந்தாள். முத்தரசி அதை அப்படியே போட்டுக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடினாள்.

வருஷம் முடிந்து, மெஷின் விஷயமாக மூவரும் வார்டன் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"ஏட்டி, கையில்லாத சட்டையா? மைனி இருந்தா ஊசியாலயே குத்தியிருப்பா" என்றாள் பிலோமினா.

"நான் ஒரு பிள்ளைக்கும் குறை வைக்கல" என்றார் ஞானராஜ். "நீ குடுத்ததே ஒரு சட்டை, அதுவும் அரைச் சட்டை. இதுல வாதாட வேற செய்யுத!"

"கை நாளைக்கு வந்துரும்ப்பா. மழை நாளைக்கு வருமா?" என்றாள் ஷெரின்.

வாசிக்கிறவர்களே, குறையில்லாமல் கொடுத்தவரா, எழுதியபடியே செய்தவளா, பாதிச் சட்டையோடு ஓடிவந்தவளா? ரெஜினாவின் வேலையை விடாமல் செய்தது யார்? மெஷின் யாருக்கு?

விடை: ஷெரினுக்கு. ஞானராஜ் பதிவேட்டை நம்பினார்; ரெஜினா சண்டை போட்டதே அந்தப் பதிவேட்டோடுதான். பிலோமினா நோட்டை நம்பினாள். அந்தப் பக்கத்தை ரெஜினாவே இந்நேரம் கிழித்துப் போட்டிருப்பாள். ரெஜினாவின் வேலை தைப்பதில் தொடங்கவில்லை, பிள்ளையைக் கேட்பதில் தொடங்கியது. கேட்டவள் ஷெரின் மட்டும்தான். சட்டைக்குக் கை இல்லாதது குறைதான், மறுக்கவில்லை. அதை யாரும் தைத்துக் கொடுத்துவிடலாம். வார்டனும் ஷெரினுக்கே என்றுதான் தீர்ப்புச் சொன்னார். ஷெரின் மெஷினை வாங்கி அத்தை பக்கம் தள்ளினாள். "நீங்க தைங்க அத்தை. அளக்குறதும் கேக்குறதும் நான்." ஞானராஜ் முத்தரசியைக் கூப்பிட்டு, முதல் தடவையாக, "ஒன் பிறந்தநாளுக்கு நான் என்னைக்கு வரட்டும்மா?" என்று கேட்டார்.

"மழை பெஞ்சதும் வாங்க மாமா" என்றாள் அவள். "குடை எடுத்துட்டு வாங்க. அக்கா ரொம்ப நனைஞ்சிட்டாங்க."