மூப்பர் வீட்டு நோயாளி

சபை மூப்பர் ஞானதிரவியம் சமையல்கார அன்னப்பழத்தைக் கூப்பிட்டு அதட்டினார்.

“இந்த வீட்ல குடும்ப ஜெபம் நின்னு மூணு மாசமாச்சு. எல்லாருக்கும் டிவிதான் தெய்வம். நாளைக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லாரும் முழங்கால்ல நிக்கணும்; அது உன் பொறுப்பு. ஆனா நீ டிவியைத் தொடக்கூடாது. முடியலைன்னா வேலைக்கு வராதே.”

தினமும் ஏழு மணிக்கு டிவியைப் போடுவதே அவர்தான். அதை யார் சொல்வது?

“சரிங்கய்யா” என்ற அன்னப்பழம் நேரே சபைக் கோயிலுக்குப் போய், ஜெப விண்ணப்பப் பெட்டியில் ஒரு சீட்டைப் போட்டாள்.

மறுநாள் ஏழு மணிக்குப் போதகர், நோயாளிக்குப் பூசி ஜெபிக்கும் எண்ணெய்ச் சீசாவும் பத்துப் பேருமாக வந்து நின்றார். கையில் அவள் சீட்டு.

“கூப்பிட்டா காது கேக்கலை, பிள்ளைங்க வந்தாலும் திரும்பலை, கையில பிடிச்சதை விடமாட்டேங்கறாருன்னு எழுதியிருக்கியே. நோயாளி எங்கேம்மா?”

அவள் கூடத்தைக் காட்டினாள். டிவியில் விவாதம் அலறியது. எதிரே, ரிமோட்டை இறுக்கிப் பிடித்தபடி மூப்பர்!

போதகர் மூன்று தரம் கூப்பிட்டார். அசைவில்லை. நெற்றியில் எண்ணெய் பட்டதும் மூப்பர் துள்ளி எழுந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் தானே டிவியை அணைத்து முழங்காலிட்டார். மனைவியும் பிள்ளைகளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தில் முழங்காலிட்டார்கள். அன்னப்பழத்துக்கு அப்பாடா என்றிருந்தது.

எல்லாரும் போனபின் மூப்பர் மெல்ல அவளிடம் வந்தார்.

“இனிமே ஜெபத்துக்கு அப்புறம் அரை மணி நேரம்தான் டிவி. எனக்கும் சேர்த்துத்தான். ஆனா, குணமானதைப் பத்தி ஞாயித்துக்கிழமை சபையில நீ சாட்சி கீட்சி சொல்லிடமாட்டியேம்மா?”

“நோய் திரும்பாத வரைக்கும் நான் வாயைத் திறக்கமாட்டேங்கய்யா.”