கரிச்சானின் சீட்டியும் கேளையாட்டின் குரைப்பும்

ஒரு காட்டில், சிறுத்தையை யார் முதலில் பார்த்தாலும் கத்திவிட வேண்டும். அது அந்தக் காட்டு வழக்கம். மரத்தின் மேலிருந்து மந்தி உறுமும். மிளா மான் தொண்டையைத் திறந்து முழங்கும். கேளையாடு குரைக்கும். பேரைப் பார்த்து ஆடு என்று நினைத்துவிடாதீர்கள் பிள்ளைகளே, அது நாயைப்போலக் குரைக்கிற ஒரு சின்ன மான்! எந்தக் குரல் கேட்டாலும் எல்லாம் ஓடிவிடும். பால் குடிக்கிற குட்டிக்குக்கூட எல்லாக் குரலும் அத்துப்படி.

அந்தக் கேளையாட்டுக்கு ஒரே ஒரு குட்டி. அம்மாவோ குள்ளம், புல்லுக்கு மேலே அதன் கண் எட்டாது. மரத்தில் இருப்பவர்கள் பார்த்துக் கத்தினால்தான் அந்தக் குட்டிக்கு உயிர்.

ஒருநாள் கரிச்சான் குருவி உச்சிமரத்திலிருந்து இறங்கி வந்தது. அதற்கு வாலும் நீளம், வாயும் நீளம்.

"என்னப்பா இது, ஆளுக்கொரு கூச்சல்! ஒருத்தர் உறுமுறாரு, ஒருத்தங்க குரைக்கிறாங்க. காதே போச்சு. நான் உச்சியில உட்கார்ந்து பார்த்துக்கிறேன். ஆபத்துன்னா ஒரே சீட்டி. காசா, பணமா? சும்மாதான்!"

சீட்டி அடித்தும் காட்டியது. அடேயப்பா, என்ன இனிமை! மந்திக்கு அப்போதே பிடித்துவிட்டது, இனிப் பகலிலும் தூங்கலாம் இல்லையா? மிளாவும் தலையாட்டியது.

கேளையாடு மட்டும், "நீ அசந்துட்டா?" என்று கேட்டது.

"நான் அசர்றதா? நல்லா கேட்ட போ!" என்று சிரித்தது கரிச்சான்.

மழைக்காலம் வந்து போயிற்று. அதன் பிறகு பிறந்த குட்டிகளுக்கு மந்தியின் உறுமலும் தெரியாது, மிளாவின் முழக்கமும் தெரியாது. சீட்டி ஒன்றுதான் தெரியும். இதற்காகவே காத்திருந்த கரிச்சான், ஒரு காலையில் சீட்டியை மாற்றிவிட்டது.

"என்ன, புதுசா இருக்கு?" என்று கேட்டது மிளா.

"புதுச் சீட்டிதான். பழசைவிட அருமையானது. இதுல ஆபத்துக்கு எது, சும்மா பாடுறது எதுன்னு நான் கத்துத் தர்றேன். நீங்க தினமும் காலையில என் மரத்தடிப் புல்லை வந்து மிதிங்க. வெட்டுக்கிளி கிளம்பணும், என் வயிறு நிறையணும். அவ்வளவுதான்."

மிதித்தன, கற்றுக்கொண்டன. கற்று முடித்ததும் கரிச்சான் மறுபடியும் மாற்றியது. மறுபடியும் மிதித்தன. மேய நேரம் இல்லாமல் மிளாவுக்கு விலா எலும்பு தெரிந்தது.

"பேசாம நம்ம பழைய குரலுக்கே போயிடலாமே," என்றது கேளையாடு.

"எங்கே போறது அக்கா? நான் கத்தினா என் குட்டியே, 'என்னம்மா ஆச்சு?'ன்னு நின்னு பார்க்குது," என்றது மிளா. சொல்லும்போதே அதற்கு அழுகை வந்துவிட்டது.

கேளையாடு மட்டும் மிதிக்கப் போகவில்லை. பிடிவாதம் பிடித்த ஜென்மம் அது! தன் குட்டிக்குப் பழைய குரல் மறந்துவிடாதபடி குரைத்துக் குரைத்துப் பழக்கியது. பெரியவை மிதிக்கப் போனதும், சும்மா கிடந்த மற்றக் குட்டிகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து கேலி செய்தன.

"பவ்! பவ்! இருமல் அத்தை!" என்று மந்திக்குட்டி கிளையில் தொங்கியபடி அச்சு அசலாகக் குரைத்தது.

கேளையாட்டுக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபம் வந்த வேகத்திலேயே ஒரு யோசனையும் வந்தது.

"அட, உனக்கு நல்லா வருதே! சரி, யார் குரைச்சாலும் எல்லாரும் அந்த முள்ளுப் புதருக்குள்ள ஓடணும். கடைசியா வர்றவங்க ஆமை. வர்றீங்களா?"

விளையாட்டென்றால் குட்டிகள் விடுமா? குரைப்பதும் ஓடுவதுமாக நாளெல்லாம் அதே கூத்துதான்.

கரிச்சானுக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் கர்ண கடூரத்தையா கத்துத் தர்றே?" என்றது.

"யார் வேணாலும் கத்துக்கலாம். வேணும்னா நீயும் வா," என்றது கேளையாடு.

ஒரு காலையில் பெரியவை தொம் தொம்மென்று புல்லை மிதித்துக்கொண்டிருந்தன. வெட்டுக்கிளிகள் கிளம்பின. கரிச்சான் தாவித் தாவிப் பிடித்தது. ஓரமாகக் கேளையாடு மேய்ந்துகொண்டிருக்க, குட்டிகள் பக்கத்தில் விளையாடின.

அந்த நேரம் பார்த்துச் சிறுத்தை வந்தது. வயிறு தரையில் உரச, கேளையாட்டுக் குட்டியைக் குறிவைத்து வந்தது. உயரமான புல்லில் கேளையாட்டுக்கு ஒன்றும் தெரியவில்லை. கரிச்சான் பார்த்துவிட்டது. பார்த்து என்ன பயன்? வாய் நிறைய வெட்டுக்கிளி! துப்ப மனசு வரவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சீட்டி எங்கிருந்து வரும்?

கிளையிலிருந்து மந்திக்குட்டியும் பார்த்தது. அதன் சொந்த உறுமலை அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெரிந்தது ஒன்றுதான்.

"பவ்! பவ்! பவ்!"

கேளையாட்டுக் குட்டி ஒரே தாவாகப் புதருக்குள் பாய்ந்தது. அதன் பின்னால் மற்றக் குட்டிகள் ஓடின. 'ஐயோ, என் பிள்ளை எங்கே ஓடுது?' என்று தாய்களும் பின்னாலேயே ஓடின. சிறுத்தை பாய்ந்து விழுந்த இடத்தில் வெறும் புல்தான் இருந்தது.

கேளையாடு குட்டியை நக்கி நக்கிக் கொடுத்தது. தன் குரல் இன்னொரு வாயிலிருந்து வந்து தன் பிள்ளையைக் காப்பாற்றியதை நினைக்க நினைக்க அதற்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் கரிச்சான் விழுங்கி முடித்தது. "ஏ மந்திக்குட்டி! என் காவல்ல நீ யாரைக் கேட்டுக் குரைச்சே?"

"கேட்டுட்டு வர்ற வரைக்கும் சிறுத்தை நிக்குமா?" என்றது மந்திக்குட்டி.

மறுநாள் புல் மிதிக்க யாரும் வரவில்லை. மதியம்வரை பார்த்துவிட்டுக் கரிச்சான் மெல்லக் கேளையாட்டிடம் இறங்கி வந்தது.

"அக்கா, பசிக்குது."

"நாங்க மேயும்போது வெட்டுக்கிளி தானா கிளம்பும், பிடிச்சுக்கோ. காவலும் பாரு, உன் கண்ணு நல்ல கண்ணு. ஆனா உன் சீட்டிக்கு என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் சொல்லிடு. எல்லாரும் அடிச்சுப் பழகட்டும். சொல்லாம மாத்தினா, அந்தச் சீட்டியை நீயே வெச்சுக்கோ."

கரிச்சான் வாலைத் தாழ்த்திச் சரி என்றது. பிறகு மந்திக்குட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கூச்சத்தோடு குரைத்துப் பழக ஆரம்பித்தது.

நீதி: உயிர் காக்கும் அறிவை எல்லாருக்கும் பொதுவாக வை, அதை ஒருவன் கையில் ஒப்படைத்துவிட்டு அவன் தயவுக்குக் காத்திராதே.