மூணாவது தடவை கூப்பிட்டப்ப

ஜெபராஜ் பேங்க் மேனேஜரா ரிட்டயர் ஆகி, அறுபது வயசுல கறுப்பு கோட்டு மாட்டினவரு. அவரோட சீனியர் மங்கையர்க்கரசிக்கு முப்பத்தாறுதான். ஆறு, குளம், கிணறுன்னு கேஸ் நடத்துற வக்கீல். கோர்ட்டுக்குப் புதுசா வர்றவங்க ஜெபராஜுக்கு வணக்கம் வச்சிட்டு, அந்தம்மாகிட்ட டீ சொல்லச் சொல்வாங்க.

அன்னிக்கு ஜெபராஜ் கேட்டாரு.

"மேடம், சுடலைமுத்து இறந்துட்டாரு. சாயப்பட்டறைய எதிர்த்துக் கேஸ் போட்டதே அந்த ஒரு மனுஷன்தான். இப்ப மகன் கேஸே வேண்டாங்கிறான். நாளைக்கு அவர் இடத்துல யாரும் நிக்கலன்னா, கோர்ட்டு மூடின பட்டறைய மறுபடி திறந்துருவாங்க. கட்சிக்காரரே இல்லாம யாருக்காக வாதாடுறது?"

"வண்டிய எடுங்க."

சுடலைமுத்து ஊருக்குப் போறப்ப நல்ல மத்தியானம். ஒரு காக்கா இல்ல, நாய் இல்ல. கிணத்தையெல்லாம் தகரம் போட்டு மூடியிருந்தாங்க. பட்டறைய மூடியும், வாய்க்கால்ல தண்ணி மட்டும் இன்னும் கத்திரிப்பூ கலர்ல சத்தமே இல்லாம போச்சு.

சுடலைமுத்து வீட்டு வாசல்ல மகன் இசக்கி நின்னான்.

"அப்பாவோட போகட்டும் வக்கீலம்மா. எனக்கு ரெண்டு பொட்டப்புள்ள. பட்டறைக்காரன் சும்மா விடுவானா?"

மங்கையர்க்கரசி ஜெபராஜ் பக்கம் திரும்பினாங்க.

"கூப்பிடுங்க சார்."

"யாரை?"

"கட்சிக்காரரை. கோர்ட்டு வாசல்ல நின்னு டவாலி பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரி, மூணு தடவை."

"செத்தவரையா? ஊர்க்காரங்க அடிக்க வருவாங்க மேடம்."

"வரட்டுமே. யாராவது வெளிய வந்தா சரி."

ஜெபராஜ் தொண்டையச் செருமிக்கிட்டாரு.

"சுடலைமுத்து."

அவர் குரல் தெருவுல பூட்டின கதவுங்கள்ல பட்டு அப்படியே அடங்கிருச்சு.

"சுடலைமுத்து."

எதிர் வீட்டுல ஓடிக்கிட்டிருந்த டிவி நின்னுச்சு.

மூணாவது தடவைக்கும் பதில் இல்லன்னா, கோர்ட்டுல கேஸு தள்ளுபடிதான்.

"சுடலைமுத்து."

சளி கட்டின நெஞ்சுல இருந்து ஒரு இருமல். அப்புறம், "வந்திருக்கேன் அய்யா."

சுடலைமுத்து துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு ஜட்ஜ் முன்னாடி சொன்ன அதே குரல். ஜெபராஜ் திரும்பிப் பார்த்தா, இசக்கி தன் வாயத் தானே பொத்திக்கிட்டு நிக்கிறான்.

"நான் பேசல," விரல் சந்துல முனகினான். "சத்தியமா நான் பேசல."

அவன் ரொம்ப நேரம் வாய்க்காலையே பார்த்தான். அப்புறம் பேனாவுக்குக் கைய நீட்டினான். அப்பா இடத்துல மகன் கேஸ் நடத்துறதுக்கான வக்காலத்த மங்கையர்க்கரசி எடுத்துக் குடுத்தாங்க. அவன் பேர, அவனே எழுதினான்.

வண்டிகிட்ட வந்ததும் ஜெபராஜ் மெதுவாக் கேட்டாரு. "மேடம், பேசினது யாரு?"

"தெரியல சார். நாளைக்கு டவாலி இசக்கின்னு கூப்பிடுவாரு. எந்தக் குரல் வருதுன்னு நீங்களே கேட்டுக்கோங்க."