ஓட்டு மயிலுக்கு, முட்டை கரிச்சானுக்கு

பறவைகளுக்கெல்லாம் பாஷை ஒன்றாக இருந்த அந்தக் காலத்தில், காக்கை பேசினால் புறாவுக்குப் புரியும், புறா முனகினால் பருந்துக்குப் புரியும். புரிந்து என்ன பிரயோசனம்? முட்டைத் திருட்டு மட்டும் நின்றபாடில்லை.

கண்மாய்க்கரை வேப்பமரம் ஒன்றில் வடிவு என்கிற புள்ளிப்புறா தன் புருஷன் சுடலையோடு குடியிருந்தாள். புறா கட்டுகிற கூட்டின் லட்சணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். நாலு குச்சியைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுவிட்டு, வீடு முடிந்தது என்று உட்கார்ந்துவிடும் வம்சம் அது. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் மேலே முட்டை தெரியும். அந்த வருஷம் வடிவு முதல் தடவை இட்ட இரண்டு முட்டைகளையும் காக்கை சாவகாசமாக வந்து எடுத்துக்கொண்டு போனது. வடிவு பக்கத்துக் கிளைக்குப் பறந்து போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு என்ன செய்ய?

அவளுக்கு மட்டும் நடந்ததில்லை இது. மாங்குயிலுக்கு மூன்று போனது. கொண்டைக்குருவிக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. எல்லாரும் ஆலமரத்தில் கூடி ஒரு பாடு அழுது முடித்த பிறகு, நாடு முழுவதற்கும் ஒரு தலைவன் இல்லாததுதான் இத்தனைக்கும் காரணம் என்று தீர்மானித்தார்கள். தேர்தல் வைப்பது என்று முடிவாயிற்று.

ஓட்டுப் போடும் விதம் சுலபம். தேர்தலில் நிற்கிறவர்கள் ஆளுக்கொரு பாறையில் நிற்க வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கோர் ஆலிலையைக் கிள்ளிக்கொண்டு போய், பிடித்தவர் காலடியில் போட வேண்டும். நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் மயில். இன்னொருவன் கரிச்சான், காக்கையில் கால்வாசிகூட இல்லாத ஒரு கறுப்புக் குருவி.

மயிலுக்காகக் கிளி பேசினாள். பேசச் சொல்லியா கொடுக்க வேண்டும் அவளுக்கு?

"நம்ம மயிலார் ஆடினா மழை வரும். மழை வந்தா புழு வரும், பூச்சி வரும், தானியம் வரும். மயிலார் வந்தா கூட்டுக்கு ஒரு கூரை போட்டுத் தருவார். காக்கை பயமா? மயிலார் தோகையைப் பார்த்தாலே காக்கை திகைச்சு நின்னுடும்."

கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. அடுத்துக் கரிச்சான் முறை. அவன் பாறையில் ஏறி, யாரையும் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"எனக்குப் பேச வராது. காக்கை வந்தா கொத்துவேன். பருந்து வந்தாலும் கொத்துவேன். அப்புறம்…"

அந்த 'அப்புறம்' என்ன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வானத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அவன் விருட்டென்று பறந்து போய்விட்டான்.

"என்ன மதினி, இப்படிக் கூட்டத்தை அம்போன்னு விட்டுட்டுப் போறான்?" என்றாள் கொண்டைக்குருவி வடிவிடம்.

"மேடை மரியாதை தெரியாத பய," என்றான் சுடலை.

கரிச்சான் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது அவன் அலகில் ஒரு பழுப்பு இறகு இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மயில் ஆட ஆரம்பித்திருந்தார்.

ஓட்டுப் பதிவு அமோகமாக நடந்தது. காக்கைகள் ஒன்று பாக்கியில்லாமல் வரிசையாக வந்து மயில் காலடியில் இலை போட்டன. "காக்கைகளே இவ்வளவு ஒத்துமையா வந்து போடுதுன்னா, மயிலார்கிட்ட ஏதோ விஷயம் இருக்கு," என்றான் சுடலை. வடிவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தவிர, ராஜா என்றால் பார்க்க ராஜா மாதிரி இருக்க வேண்டாமா? எந்நேரமும் முறைத்துக்கொண்டு, நல்லது கெட்டதுக்கு நின்று ஒரு வார்த்தை பேசாத கரிச்சானை வெளிநாட்டுக் கொக்குகளுக்கு முன்னால் எப்படி ராஜா என்று காட்டுவது? அவள் மரம் முழுக்கத் தேடி, இருப்பதிலேயே பெரிய இலையாகக் கிள்ளிக்கொண்டு போய் மயிலுக்குப் போட்டாள்.

சாயங்காலம் பார்த்தால் மயிலின் பாறையே இலைக்குள் மறைந்துவிட்டது. கரிச்சான் காலடியில் இரண்டு இலை. ஒன்று அவன் போட்டது. இன்னொன்று அவன் பெண்டாட்டி போட்டது; அவளும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் போட்டாளாம்.

மயில் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். யார் வந்தாலும் முகம் கொடுத்துப் பேசுவார், யாருக்கும் ஒரு கெடுதல் நினைத்ததில்லை. வடிவு இரண்டாவது தடவை இட்ட முட்டைகளையும் காக்கை கொண்டுபோனபோது, அவள் அழுதுகொண்டே நேரே அவரிடம்தான் போனாள்.

"கேட்கவே மனசுக்குக் கஷ்டமா இருக்கும்மா," என்றார் மயில். சொன்னதோடு நிற்கவில்லை. அவளுக்காகத் தோகையை விரித்து, நிதானமாக, சோகமாக ஓர் ஆட்டம் ஆடினார். அத்தனை கண்களும் வெயிலில் பளபளத்தன. சுற்றி நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். வடிவும் சொக்கிப்போய்ப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து காலிக் கூட்டைக் கண்டபோதுதான், எதற்காகப் போனோம் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

மூன்றாவது தடவை வயிறு கனத்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இந்தத் தடவையும் போனால் அந்த வருஷம் குஞ்சு கிடையாது. முட்டை கனக்கக் கனக்க, எங்கே கொண்டுபோய் இடுவது என்கிற ஒரே யோசனைதான் வடிவுக்கு. அப்போது அவளுக்குத் தோகை ஞாபகம் வரவில்லை, கிளி பேசிய பேச்சு ஒரு வரி ஞாபகம் வரவில்லை. ஓர் அலகும் அதில் இருந்த பழுப்பு இறகும்தான் கண்ணுக்குள் நின்றன. பருந்தின் இறகு அது. இப்போது புரிந்தது.

"கரிச்சான் மரத்துக்குப் போறேன்," என்றாள்.

சுடலை திடுக்கிட்டான். "அவனுக்கு ஓட்டே போடலையே. எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போவே?"

"முகத்தையா வைக்கப் போறேன்? முட்டையைத்தானே வைக்கப் போறேன். நீங்க குச்சி எடுத்துக்கிட்டு வாங்க."

கரிச்சானின் இலுப்பை மரம் கண்மாயின் மறுகரையில் தனியாக நின்றது. விடிகிற நேரத்தில் யார் கண்ணிலும் படாமல் போய், ஒரு கிளைநுனியில் இரண்டாவது குச்சியை வைக்கும்போது தலைக்கு மேலே குரல் கேட்டது.

"யாரு?"

"நான்தான் அண்ணே, வடிவு."

"தெரியும். இருக்கிறதுலயே பெரிய இலையாத் தேடிக் கொண்டுபோய் மயிலுக்குப் போட்டவதானே நீ?" கரிச்சானின் சிவந்த கண் அவளை அளந்தது. "ஓட்டு மயிலுக்கு, முட்டை எனக்கா?"

வடிவுக்கு உடம்பு கூசிச் சுருங்கியது. பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "ஆமா அண்ணே. ஓட்டுப் போடும்போது ஆட்டத்தைப் பார்த்துட்டேன். முட்டை வைக்கிற நேரத்துலதான் உங்க ஞாபகம் வந்துது."

கரிச்சான் அலகைக் கிளையில் இப்படியும் அப்படியும் தீட்டினான்.

"இங்க பாரு. உனக்காக நான் ஒண்ணும் காவல் நிக்க மாட்டேன். என் முட்டையும் இந்த மரத்துலதான் இருக்கு. அதுக்காகத்தான் விரட்டுவேன். அதுல உன் முட்டையும் பிழைச்சா பிழைச்சுக்கட்டும்." பறக்கப் போனவன் திரும்பினான். "அந்தக் கிளை காத்துல ஆடும். உள்ள தள்ளி வை. அப்புறம், இது கூடா? இன்னும் ரெண்டு குச்சி வச்சா குறைஞ்சா போயிடுவே?"

வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. இவனுக்கு நம்மைப் பிடிக்கவே வேண்டாம், இவன் முட்டையும் நம் முட்டையும் ஒரே மரத்தில் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளே தள்ளிக் கூட்டைக் கட்டிவிட்டு நிமிர்ந்தால், எதிர்க்கிளையில் மாங்குயில்.

"என்ன மதினி இந்தப் பக்கம்?" என்றாள் வடிவு.

மாங்குயிலுக்கு வாய் நிறைய நார். முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அசடு வழிய நின்றாள். மயிலுக்கு முதல் இலை போட்டவள் அவள்தான். கொஞ்ச நேரத்தில் கொண்டைக்குருவி வந்து, "சும்மா, பழம் இருக்கான்னு பார்க்க வந்தேன்," என்றாள். இலுப்பை பழுக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவளுக்குப் பின்னாலேயே அவள் புருஷன் வேர்நார்க் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "எந்தக் கிளைன்னு சொன்னியே?" என்று கேட்டு மானத்தை வாங்கினான்.

எல்லாரும் சிரித்து ஓய்ந்தபோது, மரத்தடிப் புதரில் ஏதோ சலசலத்தது. வடிவு எட்டிப் பார்த்தாள். ராஜாவின் பெண்டாட்டி, பெண்மயில், தரையைச் சீய்த்துக் குழி பண்ணிக்கொண்டிருந்தாள்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க," என்றாள் அவள் அண்ணாந்து. "நல்ல மனுஷன்தான். ஆனா முட்டைக்கு ஆட்டம் எதுக்கு?"

அத்தனை முட்டையும் ஒரே மரத்தில் என்றால் காக்கைகளின் காதுக்கு எட்டாமல் இருக்குமா? எட்டாவது நாள் ஒரு கூட்டமே வந்து இறங்கியது. அவற்றில் கிழட்டுக் காக்கை ஒன்று முன்னால் வந்தது.

"விலகுடே. நீ ராஜாவா, மந்திரியா? ராஜாவுக்கு ஓட்டுப் போட்டதே நாங்கதான்."

"ராஜா யாரா வேணா இருந்துட்டுப் போகட்டும்," என்றான் கரிச்சான். "மரம் என்னது."

பிறகு பேச்சில்லை. அவன் ஒரு காக்கையின் முதுகில் கொத்திவிட்டு, அது திரும்புவதற்குள் அடுத்ததன் தலையில் இருந்தான். அவன் பெண்டாட்டி இன்னொரு பக்கம். கிழட்டுக் காக்கை பின்னால் வந்து அவன் வாலைக் கவ்வி இழுத்தது. அவன் நிற்கவில்லை. வால் நடுவில் பிளந்து இரண்டாகப் போயிற்று. அதன் பிறகு அது ஒட்டவே இல்லை. இப்போதும் கரிச்சான் வால் அப்படித்தான் இருக்கிறது.

சண்டைக்கு நடுவே ஒரு காக்கை நைசாக வடிவின் கிளையில் வந்து உட்கார்ந்தது. முன்பு இரண்டு தடவையும் பறந்து தப்பியவள் இந்தத் தடவை அசையவில்லை.  முட்டைகளின்மேல் இன்னும் அழுந்தி உட்கார்ந்துகொண்டு, இறக்கையால் காக்கையின் மூஞ்சியிலேயே ஓர் அறை விட்டாள். தனக்காக இல்லையென்றாலும், ஒருவன் வால் பிய்ந்தும் நிற்காமல் போராடும்போது பறந்து போவதற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது. மாங்குயில் கத்திக்கொண்டு வந்தாள். கொண்டைக்குருவி புருஷனோடு வந்தாள். காக்கைகள் இப்படி ஒன்றைக் கண்டதே இல்லை. வந்த வழியே போய்ச் சேர்ந்தன.

வடிவுக்கு இரண்டு குஞ்சுகள் பொரிந்தன. இரண்டும் பறக்கப் பழகிய சமயம், அடுத்த ஓட்டுக்காக மறுபடி ஆலமரத்தில் கூட்டம் போட்டார்கள். கிளி தொண்டையைச் செருமினாள். "அடுத்த வருஷமும் நம்ம மயிலாரே…"

"ஒரு சந்தேகம்," என்றாள் வடிவு. கூட்டத்தில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.  "மயிலார்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்க முட்டை எந்த இடத்துல இருந்துது?"

மயில் தோகையை விரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார்.

"அது… வீட்டுக்காரிக்குத்தான் தெரியும்," என்றார்.

பெண்மயில் ஐந்து குஞ்சுகளோடு முன்னால் வந்தாள். "கரிச்சான் மரத்தடியில வச்சேன்," என்றாள் மெதுவாக. "வேற எங்க வைக்கச் சொல்றீங்க?"

 கிளிக்கே பேச்சு வரவில்லை. மயில் தன் ஐந்து குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்க்கிறாரோ என்னவோ.

"நல்ல வேலை பண்ணினே," என்றார் கடைசியில். "நானா இருந்தாலும் அங்கதான் வச்சிருப்பேன்."

மாங்குயில்தான் முதலில் சிரித்தாள். பிறகு மரமே சிரித்தது. மயிலும் சேர்ந்து சிரித்தார். அதற்காகவே அவரை எல்லாருக்கும் இன்னும் பிடிக்கும். அவர் பாறையை விட்டு இறங்கி வந்துவிட்டார்.

ஆளுக்கோர் ஆலிலையை எடுத்துக்கொண்டு கூட்டம் இலுப்பை மரத்துக்குப் போனது. கரிச்சான் உச்சாணிக் கிளையில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வடிவுதான் விஷயத்தைச் சொன்னாள்.

"ராஜாவானா கூட்டத்துக்கெல்லாம் வரணும்," என்றான் அவன். "அந்த நேரத்துல மரத்தை யார் பார்க்கிறது? இலையெல்லாம் எனக்கு எதுக்கு? நம்பிக்கை இருந்தா அடுத்த வருஷமும் வந்து முட்டையை வைங்க. எனக்கு அது போதும்."

அன்றோடு ஆலிலை ஓட்டு நின்றுபோயிற்று. பறவைகளுக்கு ராஜா என்று யாரும் இல்லாமல் போனதும், கூடு கட்டும் பருவம் வந்தால் புறாவும் மாங்குயிலும் கொண்டைக்குருவியும் கரிச்சான் குடியிருக்கும் மரமாகத் தேடிப் போய் அதன் கூட்டுக்குப் பக்கத்திலேயே தங்கள் முட்டைகளை இடத் தொடங்கியதும் அன்று முதல்தான்.