தொட்டுப் பார்க்காமல் வாங்கிய கத்தி

பாதி ராஜ்யம் காடு. மீதி ராஜ்யத்தில் நடப்பது அந்தக் காட்டைப் பற்றிய பேச்சு. அப்படிப்பட்ட பூவாற்றூரை ஆண்டுகொண்டிருந்தார் வீரகேசரி ராஜா.

ஒருநாள் அவருடைய காட்டுக் காவலர்கள் அவைக்கு வந்து நின்றார்கள். எல்லார் கையிலும் உடைந்த மடக்குக் கத்தி.

"மகாராஜா, கொடி அறுக்கப் போனால் கத்தி மடங்கி எங்கள் விரலை அறுக்கிறது. மூங்கில் சீவினால் பிடி ஒரு பக்கம், அலகு ஒரு பக்கம். நேற்று மான்குட்டி மாட்டின வலையைப் பல்லால் கடித்துத்தான் அதை எடுத்துவிட்டேன்" என்றார் ஒரு காவலர்.

அவையே சிரித்தது. தளபதி ரணதீரர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கத்திகளைச் செய்து விற்றது அவருடைய மச்சினன் சிங்காரம்.

"மழை வருவதற்குள் வேறு கத்தி வேண்டுமே" என்றார் ராஜா.

"சிங்காரமே புதிதாக ஒன்று செய்திருக்கிறான், மகாராஜா. பிடியில் ரத்தினம். உறையில் வெள்ளிப் பூ. விலைதான் கொஞ்சம் கூட" என்றார் தளபதி.

அவையில் விகடம் பேசுகிற சேவுகனுக்கு வாய் சும்மா இருக்காது. "பூவைக் கொண்டையில் வைக்கலாம் தளபதியாரே. காவலருக்கு இடுப்பில் செருக அல்லவா ஏதாவது வேண்டும்?"

தளபதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்படியென்றால் நீரே தேர்ந்தெடும். நாளைக்குக் கத்தி வியாபாரிகளை வரவழைக்கிறேன். ஆனால் கத்தியைத் தொடக்கூடாது, வெட்டிப் பார்க்கச் சொல்லவும் கூடாது. வெட்டிப் பார்த்த கத்தியை அப்புறம் எவன் வாங்குவான்?"

"தேர்ந்தெடுக்க முடியாவிட்டால்?" என்று கேட்டார் ராஜா.

"மழைக்காலம் முழுக்க அட்டைக்காட்டில் சேவுகன் காவல் இருக்கட்டும். சிங்காரத்தின் கத்தியோடு."

அட்டை என்ற பேச்சு காதில் விழுந்தாலே சேவுகன் இரண்டு காலையும் ஆசனத்தின் மேல் தூக்கி வைத்துக்கொள்வார். ராஜாவுக்கு அது தெரியும். தெரிந்தேதான் "சரி" என்றார். ராஜாக்களுக்கும் பொழுது போக வேண்டுமே.

மறுநாள் மண்டபத்தில் வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். எதிரே பட்டு விரித்த தட்டுகளில் கத்திகள் பளபளத்தன. சேவுகன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வெகு தூரம் நடந்து வந்திருக்கிறீர்கள். முதலில் பசியாறுங்கள். தளபதியாரும் உட்கார வேண்டும்" என்றார்.

ஆளுக்கு ஒரு முழுப் பலாப்பழம் இலையில் வந்தது. கூடவே கையில் தடவ ஒரு கிண்ணம் எண்ணெய்.

"அறுக்கக் கத்தி?" என்றார் ஒரு வியாபாரி.

"கத்தி வியாபாரிக்கு நாங்கள் கத்தி கொடுப்பதா? உங்களுக்கு அல்லவா அது மரியாதைக் குறைவு" என்று சொல்லிவிட்டு, சேவுகன் ராஜாவோடு திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

பழுத்த பலாவின் வாசனை மண்டபத்தைத் தூக்கியது. அடுப்பில் பணியாரம் வேகும்போது சுற்றிச் சுற்றி வருகிற பிள்ளைகள் மாதிரி எல்லார் கண்ணும் பழத்தையே சுற்றியது. ஒருவர் தட்டிலிருந்து பளபளப்பான கத்தியை எடுத்தார். பழத்தைப் பார்த்தார். பால் ஒட்டினால் போகாது என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார். சிங்காரம் தன் கத்தியைக் கையிலேயே எடுக்கவில்லை. எண்ணெய்க் கை பட்டால் ரத்தினம் கழன்றுவிடுமாம்.

கடைசியில் மூத்த வியாபாரி ஒருவர் இடுப்பில் கைவிட்டு ஒரு கத்தியை உருவினார். ஒரு சாண் நீளம். மடங்காது. நுனியிலிருந்து பிடியின் கடைசிவரை ஒரே இரும்பு, இரண்டு பக்கமும் கட்டை வைத்து ஆணி அடித்திருந்தது. வியர்வையில் கறுத்துப்போன தோல் உறை. சரக்கென்று பழம் இரண்டாகப் பிளந்தது.

அவ்வளவுதான். ஒவ்வொருவர் இடுப்பிலிருந்தும் அதே ஜாதிக் கத்தி வெளியே வந்தது. சிங்காரம் இடுப்பிலிருந்தும் வந்தது. கொஞ்சநேரம் மீசையை முறுக்கிக்கொண்டு இருந்த தளபதி, பக்கத்து இலையில் சுளை விழுகிற சத்தம் தாங்காமல், தானும் ஒன்றை உருவினார்.

ராஜா திரையை விலக்கிக்கொண்டு வந்தார். "இது எங்கே வாங்கினது?"

"புளியஞ்சந்தையில், மகாராஜா. கொல்லன் பட்டறைக் கத்தி" என்றார் மூத்த வியாபாரி.

"விலை?"

"ஒரு கூடை கம்பு கொடுத்தால் சந்தோஷமாகத் தருவான்."

"எவ்வளவு காலம் தாங்கும்?"

"என் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கினேன். இப்போது மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறேன். அப்பப்போ கல்லில் தீட்டுவேன், வேறு செலவு கிடையாது."

தளபதி வாயிலிருந்த சுளையை அவசரமாக விழுங்கினார். "மகாராஜா, இதெல்லாம் அடுப்படிச் சாமான். பழம் அறுக்கலாம். காட்டு வேலைக்கு உதவாது. சேவுகன் தோற்றுவிட்டார்."

"அதுவும் நியாயம் போலத்தான் இருக்கிறது" என்று ராஜா தாடியைத் தடவினார்.

சேவுகன் தன் காலை ஒருமுறை பரிதாபமாகப் பார்த்துக்கொண்டார். "சரி மகாராஜா, அட்டைக்காட்டுக்குப் போகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம். தளபதியார் கையிலிருக்கும் அந்த அடுப்படிச் சாமானை எனக்குத் தரட்டும். என் பங்கு ரத்தினக் கத்தியை அவரே வைத்துக்கொள்ளட்டும். கையில் தர வேண்டாம், கத்தியைக் கைமாற்றினால் சண்டை வரும். தரையில் வைத்தால் எடுத்துக்கொள்கிறேன்."

தளபதி குனிந்தார். கத்தி தரைக்குப் போகவில்லை. நிமிர்ந்தார். கத்தி மறுபடி உறைக்குள் போய்விட்டது.

"இது வேண்டாமே" என்றார் மெதுவாக. "மூன்று போருக்கு என்னோடு வந்த கத்தி, ஓய். இது இல்லாமல் எனக்குக் கை ஓடாது. வேண்டுமானால் சிங்காரத்தின் கத்தியில் நாலு எடுத்துக்கொள்ளும்."

ராஜா சிரித்த சிரிப்பில் எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்தது. சிங்காரம் தன் கத்திகளைப் பட்டோடு சுருட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். காவலர் அத்தனை பேருக்கும் புளியஞ்சந்தைக் கத்தி என்று அங்கேயே உத்தரவாயிற்று.

"சேவுகா, உனக்கு என்ன வேண்டும்? கேள்" என்றார் ராஜா.

"மிச்சமிருக்கும் பலாப்பழத்தை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள், மகாராஜா. அறுத்து அனுப்பச் சொல்லுங்கள். என்னிடம் கத்தி கிடையாது."