கண்ணாடிக் கம்பியின் தடம்

திருச்சியில், சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடிக் கடை. அங்கே ஹெட்போன் மட்டும்தான் விற்பார்கள். கடைக்காரர் ஜெசிந்தா. வயது முப்பத்தாறு. அவரிடம் பாட்டுக் கேட்கக் கற்றுக்கொள்ள வந்தவர் வைத்தியலிங்கம். வயது ஐம்பத்தொன்பது. இசைக் கல்லூரியில் இருபத்தெட்டு ஆண்டுகள் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர்.

ஜெசிந்தா அவரை சார் என்பார். அவர் ஜெசிந்தாவை டீச்சர் என்பார். யாரிடம் யார் படிக்கிறார் என்று புதிதாக வருகிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும்.

வைத்தியலிங்கம் முதலில் வந்தது ஒரு பழைய ஹெட்போனைப் பழுது பார்க்க. ஜெசிந்தா அதைக் காதில்கூட வைக்கவில்லை. இரண்டு குஷன்களையும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல கோளாறு இல்ல சார். நீங்க ரொம்ப நாளா இடதையும் வலதையும் மாத்திப் போட்டுட்டு இருக்கீங்க."

மறுநாளே வைத்தியலிங்கம் சீடராகிவிட்டார்.

கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஹெட்போன் எடுக்க வருபவர் தன் பாட்டைத் தானே கொண்டுவர வேண்டும். எந்தப் பாட்டைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தாரோ அதைத் தன் பெயருக்குக் கீழே ஒரு சீட்டில் எழுத வேண்டும். சீட்டு சுவரில் ஒட்டப்படும். சுவர் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. காத்திருப்பவர்கள் அதைத்தான் படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் வைத்தியலிங்கத்தின் பழைய மாணவர்களும் இருப்பார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வாடிக்கையாளருக்கு எதிரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்துதான் ஹெட்போனைத் தேர்ந்து கொடுக்க வேண்டும். தனக்கென்று ஒன்றை எடுத்துச் சீட்டு ஒட்டாதவர் அதில் உட்காரக் கூடாது.

வைத்தியலிங்கத்துக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது.

"டீச்சர், எனக்குப் பொருந்துற ஹெட்போன் எது?"

"எந்தப் பாட்டுக்கு?"

"எல்லாப் பாட்டுக்கும்."

"அப்படி ஒண்ணு வந்தா நான் கடையை மூடிர வேண்டியதுதான்."

வைத்தியலிங்கம் ஒரு மாதம் படித்தார். ஒவ்வொரு ஹெட்போனின் ஒலி வரைபடத்தையும் பார்த்தார். கடைசியில் சாம்பல் நிற ஹெட்போன் ஒன்றை எடுத்தார். பதிவில் இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது அது. சீட்டில் தன் பெயரை எழுதி, கீழே 'தோடி ஆலாபனை' என்று எழுதினார்.

ஜெசிந்தா படித்துவிட்டுச் சீட்டை மேசை இழுப்பறையில் போட்டார்.

"ஒட்டலையா டீச்சர்?"

"பசை தீர்ந்துபோச்சு சார்."

அடுத்த மாதம் வேறொரு ஆலாபனை எழுதிக் கொடுத்தார். அதற்கு மறுமாதம் ஒரு வீணைக் கச்சேரி. பசை வரவில்லை. மற்றவர்களின் சீட்டுகள் மட்டும் ஒட்டப்பட்டுக்கொண்டிருந்தன.

தினமும் ஒன்றரை மணிக்கு ஜெசிந்தா சாப்பிட வீட்டுக்குப் போவார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வைத்தியலிங்கம் கடையைப் பார்த்துக்கொள்வார். டப்பாவில் இருக்கும் தயிர் சாதத்தைச் சாப்பிட்டதும் கடைசி வரிசைக்குப் போவார். அங்கே பெரிய கறுப்பு ஹெட்போன் ஒன்று மாட்டியிருந்தது. அதில் பேஸ் என்கிற அடி ஒலி மிக அதிகம். கல்லூரிப் பையன்கள் போட்டுப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அதைப் பற்றி வைத்தியலிங்கம் எல்லோரிடமும் ஒரே கருத்தைத்தான் சொல்வார்: அது ஹெட்போன் இல்லை, தலையில் மாட்டுகிற ரைஸ் மில்.

அதை மாட்டிக்கொண்டு தினமும் முக்கால் மணி நேரம் பஸ் பாட்டுக் கேட்பார்.

இருபத்தெட்டு ஆண்டுகள் கரூரிலிருந்து திருச்சிக்குத் தனியார் பஸ்ஸில் வந்து போனவர் அவர். கடைசி சீட்டுக்குக் கீழே ஸ்பீக்கர் பெட்டி இருக்கும். அடி விழும்போது சீட்டு அதிரும், ஜன்னல் அதிரும், முதுகெலும்பு அதிரும். முன்னால் இடம் இருந்தாலும் அவர் கடைசி சீட்டுக்குத்தான் போவார். கால் நீட்ட வசதி என்று கண்டக்டரிடம் சொல்லிவைத்திருந்தார். கல்லூரி வாசலில் இறங்கும்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். பிறகு வகுப்புக்குப் போய், உடம்பை ஆட்டுவது வேறு, இசை வேறு என்று பாடம் சொல்வார்.

இது அவர் மனைவிக்கும் தெரியாது.

ஒரு வியாழக்கிழமை, பார்சல் எடுக்க ஜெசிந்தா கூரியர் அலுவலகத்துக்குப் போயிருந்தார். அப்போது ஓர் அம்மாள் படியேறி வந்தார். புடவையில் மாவு. பெயர் தனபாக்கியம். உறையூரில் மாவு மில் வைத்திருக்கிறார்.

"அக்கா இல்லீங்களா?"

"நான் இருக்கேன். உட்காருங்க."

வைத்தியலிங்கம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அது அவர் நினைத்ததைவிட உயரமாக இருந்தது.

"பாட்டு கொண்டாந்திருக்கீங்களா?"

அந்த அம்மாள் போனை நீட்டினார். ஏதோ காதுகுத்து விழாவில் எடுத்த பதிவு. பேண்டு செட். கிளாரினெட், டிரம்பெட், பின்னால் பெரிய டிரம்.

"இந்த டிரம்மு நல்லாக் கேக்கணும் சார். நெஞ்சுல இடிக்கிற மாதிரி."

"அது தப்பும்மா."

"தப்புங்களா?"

"டிரம் பின்னால இருக்கணும். அதை முன்னால இழுத்தா சங்கீதம் போயிரும். இரைச்சல்தான் மிஞ்சும். மில்லுல கேக்குறது போதாதா?"

அந்த அம்மாள் சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம் என்று நினைத்துச் சிரித்த சிரிப்பு அது.

வைத்தியலிங்கம் சாம்பல் நிற ஹெட்போனை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் மாட்டிக்கொண்டு நெடுநேரம் கேட்டார்.

"எப்படி இருக்கு?"

"தெளிவா இருக்கு சார்."

"பழகப் பழகப் புரியும். காதைப் பழக்கணும்."

"சரிங்க சார்."

சீட்டு எழுதும் நேரம் வந்தது. அந்த அம்மாளுக்கு எழுதத் தயக்கம். வைத்தியலிங்கமே பேனாவை எடுத்தார். பெயரை எழுதினார். பாட்டு என்ற இடத்தில் ஒரு கணம் யோசித்தார். அந்தப் பேண்டு செட்டில் வாசித்த ராகத்தைக் கண்டுபிடித்து, 'மோகனம் – கிளாரினெட்' என்று எழுதினார். சுவருக்கு அது கௌரவமாக இருக்கும் என்று பட்டது. பசை இழுப்பறையில்தான் இருந்தது. நிறைய இருந்தது.

திரும்பி வந்த ஜெசிந்தா சுவரைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். பார்சலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

எட்டு நாள் கழித்து தனபாக்கியம் மறுபடி வந்தார். கையில் அதே பெட்டி. கடையில் அப்போது வேறு ஆட்கள் இல்லை.

"சார் மேல தப்பில்லக்கா," என்றார் ஜெசிந்தாவிடம். "நல்ல பொருள்தான். எனக்குத்தான் கேக்கத் தெரியல. இருபது வருஷம் மில்லுல நின்ன காது. சார் சொன்ன மாதிரி தினம் ராத்திரி உக்காந்து பழக்கிப் பாத்தேன். வர மாட்டேங்குது."

"என்ன வர மாட்டேங்குது?" என்றார் ஜெசிந்தா.

"எந்தம்பி."

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மாளே சொன்னார்.

"அந்த டிரம்மு அடிக்கிறது எந்தம்பிக்கா. போன ஆடியில தவறிட்டான். அவன் அடிச்சது இது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு. இதுல கேட்டா கிளாரினெட்காரர் பக்கத்துல நிக்கிறாரு. இவன் எங்கேயோ தெருக்கோடியில நிக்கிறான்."

வைத்தியலிங்கம் கீழே பார்த்தார். அவருடைய செருப்பு வார் ஒன்று பிய்ந்திருந்தது.

ஜெசிந்தா எழுந்து கடைசி வரிசைக்குப் போனார். கறுப்பு ஹெட்போனை எடுத்துவந்து கொடுத்தார். அந்த அம்மாள் மாட்டிக்கொண்டார். பாட்டு ஓடியது. அந்த அம்மாளின் கை நெஞ்சுக்குப் போனது. பாட்டு முடியும்வரை அது அங்கேயே இருந்தது.

"இதையே எடுத்துக்கிறேன்க்கா."

"இது கேட்டுப் பாக்க வச்சிருக்கிறது. புதுசுக்குச் சொன்னா பத்து நாள்ல வந்துரும்."

"இதையே குடுங்க. இன்னொரு பத்து நாள் எதுக்கு?"

அந்த அம்மாள் ஹெட்போனைக் கழற்றித் துணியால் துடைக்கப் போனார். விரல் குஷனில் நின்றது.

"இது என்னக்கா, ரெண்டு பக்கமும் கோடு விழுந்திருக்கு?"

ஜெசிந்தா வாங்கிப் பார்த்தார். "கண்ணாடிக் கம்பி அழுத்தின தடம்."

"போட்டுப் பாக்க வர்றவங்களா?"

"அஞ்சு நிமிஷம் போட்டா விழாது."

"அதானே. எங்க மில்லுலகூட பெல்ட்டு தினம் ஓடுற இடத்துலதான் தேயும்." அந்த அம்மாள் குஷனை வெளிச்சத்தில் பிடித்தார். "யாரோ இதைத் தினம் போட்டிருக்காங்க. நல்ல தடிக் கண்ணாடி."

வைத்தியலிங்கம் தன் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜெசிந்தா அந்த ஹெட்போனின் பழைய பெட்டியைத் தேடி எடுத்து மேசையில் வைத்தார். வாரண்டி அட்டையை வைத்தியலிங்கத்தின் பக்கம் தள்ளினார்.

"சார், பெட்டியில நம்பர் இருக்கு. படிச்சு இந்த அட்டையில எழுதிருங்க."

வைத்தியலிங்கம் பெட்டியை எடுத்தார். கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"வெளிச்சம் பத்தல டீச்சர்."

ஜெசிந்தா எழுந்து இன்னொரு விளக்கைப் போட்டார்.

அந்த அம்மாள் காத்திருந்தார். ஜெசிந்தா காத்திருந்தார். கீழே துறையூர் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் குரல் கேட்டது.

வைத்தியலிங்கம் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நம்பரைப் படித்தார். அட்டையில் எழுதினார். பதினோரு எண்கள். எழுதி முடித்தும் நிமிரவில்லை.

"சாருங்களா?" என்றார் தனபாக்கியம். குரலில் கேலி இல்லை. சந்தேகம் தீர்த்துக்கொள்ளும் குரல்.

"ஆமா."

"உங்களுக்கும் இடிக்கணுமா?"

"ஆமா."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார். ஒரு வாரமா நான் என் காதைத் திட்டிட்டு இருந்தேன்."

வகுப்பில் வைத்தியலிங்கம் பலரைத் தலைகுனிய வைத்தது உண்டு. அப்போதெல்லாம் அவர்கள் எங்கே பார்த்தார்கள் என்று கவனித்ததில்லை. இப்போது தெரிந்தது. மேசையின் விளிம்பைத்தான் பார்க்க முடியும்.

தனபாக்கியம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். சுவர் அருகே நின்றார்.

"அக்கா, இன்னொரு உதவி. அந்தச் சீட்டை மாத்திரலாமா? அதுல என்னமோ எழுதியிருக்கு. அது நான் கேட்ட பாட்டு இல்ல."

"மாத்திரலாம். நீங்களே எழுதுறீங்களா?"

"எழுத்து கோணலா வருமே."

"வரட்டும்."

அந்த அம்மாள் நின்றபடியே எழுதினார். நேரமானது. 'தனபாக்கியம். டிரம் – முத்துராசு.' அந்த 'சு' மட்டும் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. ஜெசிந்தா பழைய சீட்டைக் கிழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை ஒட்டினார்.

படியில் செருப்புச் சத்தம் இறங்கி மறைந்தது.

வைத்தியலிங்கம் கடைசி வரிசையைப் பார்த்தார். கொக்கி காலியாக இருந்தது.

"டீச்சர், உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க வந்த ரெண்டாவது மாசம். சனிக்கிழமை தோறும் குஷனைத் துடைக்கிறது நான்தானே."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அது நான் எடுத்துக் குடுத்த ஹெட்போன் ஆயிருக்கும்."

வைத்தியலிங்கம் எழுந்தார். டப்பாவைப் பையில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"எனக்கு அந்த நாற்காலி வேணாம் டீச்சர். நாளையில இருந்து நான் வரல."

"சரிங்க சார்."

வாசல்வரை போனார். ஷட்டரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்தே, திரும்பாமல், கேட்டார்.

"அந்தக் கறுப்பு... இன்னொண்ணு வருமா?"

ஜெசிந்தா ஆர்டர் நோட்டைத் திறந்தார்.

"வரும். யார் பேர்ல எழுதட்டும்?"

வைத்தியலிங்கம் திரும்பி வந்து மேசைக்கு முன்னால் நின்றார்.

"என் பேர்லதான்."

ஜெசிந்தா எழுதினார். எழுதிவிட்டு ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து நோட்டின் மேல் வைத்தார்.

"பாட்டு?"

வைத்தியலிங்கம் சுவரைப் பார்த்தார். தனபாக்கியத்தின் சீட்டில் பசை இன்னும் காயவில்லை. இரண்டு வரிசை தள்ளி அவருடைய மாணவன் ஒருவனின் சீட்டு இருந்தது. அவன் பெயருக்குக் கீழே ஒரு கீர்த்தனை. அது அவர் சொல்லிக் கொடுத்தது.

அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

ஜெசிந்தா சீட்டையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அவசரம் இல்ல சார். ஹெட்போன் வரப் பத்து நாள் ஆகும்."